பழைய கெக்கைக் குறைந்த அழுத்தத்தில் சோதியுங்கள்

பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகக் கலமான கெக், பழையது ஒன்று கைக்கு வந்ததும் பலர் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். சீறல் இல்லை என்றால் அன்றே பீரை நிரப்பிவிடுகிறார்கள். இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. 30-இல் அசையாமல் நிற்கும் கெக், 10-இல் கசியக்கூடும். நாம் பீரை ஊற்றிக் குடிப்பதோ பெரும்பாலும் 10, 12 பிஎஸ்ஐ-யில்தான்.

காரணம் மூடியில் இருக்கிறது. வீட்டில் பீர் தயாரிப்பவர்களிடம் அதிகம் புழங்கும் 19 லிட்டர் கார்னி கெக்குகள் முதலில் குளிர்பான சிரப்புக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நீள்வட்ட மூடி, உள்மூடி போட்ட பிரஷர் குக்கரைப் போல, வாயின் உட்புறத்திலிருந்து மேல்நோக்கி அமர்கிறது. உள்ளே அழுத்தம் கூடக் கூட ரப்பர் வளையம் தானாகவே இறுகும். அதனால் நசுங்கிய விளிம்பையும் காய்ந்துபோன வளையத்தையும் அதிக அழுத்தம் மறைத்துவிடுகிறது.

சோதனைக்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அதற்கும் முன், மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து, மிச்ச வாயு முழுவதையும் வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனரைத் தொடவே கூடாது. வாயு நுழையவும் பீர் வெளியேறவும் கெக்கின் மேலே திருகிய முனை பறந்து வந்து முகத்தில் அடிக்கும். வளையங்கள் ஐந்து: மூடிக்கு ஒன்று, வெளி முனைகளுக்கு இரண்டு, முனைகளிலிருந்து கெக்குக்குள் இறங்கும் உள்குழாய்களுக்கு இரண்டு. ஐந்தையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். பழைய ரப்பரில் ஊறிய சிரப்பு வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது. புதிய வளையங்களில் உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். முனைகளின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை. அங்கே அடைப்பைத் தருவது வளையம், மரை அல்ல. பல கெக்குகளை ஒன்றாகப் பிரித்தால் முனைகளைக் கலந்துவிடாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மரை மாறும்.

கெக் காலியாகவே இருக்கட்டும். திரவம் இருந்தால் வாயு அதில் கரையும். கசிவே இல்லாமல் அழுத்தமானியின் முள் இறங்கி உங்களைக் குழப்பும். முதலில் 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை அமர வையுங்கள். பிறகு பாதுகாப்பு வால்வைத் தொட்டுத் தொட்டு 10-க்கு இறக்கி, சோப்பு நீரைத் தடவுங்கள்.

இனி குமிழிகள் பேசும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் இங்கே ஊகத்துக்கு இடமில்லை. குழாயை முனையோடு சேர்க்கும் இணைப்பானை மாட்டியிருக்கும்போது மட்டும் முனையைச் சுற்றிக் குமிழி வந்தால், குற்றவாளி முனையின் வெளி வளையம். இணைப்பானைக் கழற்றியதும் முனையின் நடுவில் வந்தால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வான பாப்பெட். முனை கெக்கின் உடலோடு சேரும் அடிப்பகுதியில் வந்தால், உள்குழாயின் வளையம். மூடி விளிம்பில் வந்தால், உடனே வளையத்தைப் பழிக்காமல் மூடியை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேறொரு கெக்கின் மூடியையும் முயலுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், மென்மையான சிலிக்கான் வளையம் சிறு நெளிவுகளை நிரப்பிவிடும். பற்றவைத்த இடத்திலேயே துளை இருந்தால் அந்தக் கெக்கை நான் வைத்துக்கொள்வதில்லை. அடியிலுள்ள கறுப்பு ரப்பர் உறைக்குள் இருப்பதைச் சோப்பு நீர் காட்டாது. சந்தேகம் இருந்தால் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள்.

மிக மெல்லிய கசிவுக்கு இரவு முழுவதும் நேரம் கொடுக்க வேண்டும். வாயு இணைப்பானில் பொருத்திய ஒரு சிறிய அழுத்தமானி போதும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் விலக்கிவிடுங்கள், அவற்றின் கசிவு கெக்கின் கணக்கில் சேரக் கூடாது. அறையின் வெப்பநிலை மாறாமல் இருப்பதும் முக்கியம். 30 பிஎஸ்ஐ காட்டும் காலிக் கெக்கை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஒரு துளி வாயுவும் வெளியேறாமலே முள் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ இறங்கும். நல்ல கெக்கைக் கெட்டது என்று ஒதுக்க அதுவே போதுமே!

சர்க்கரை சேர்த்துக் கெக்கிலேயே பீரை நுரைக்க விடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அழுத்தம் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். மூடி இறுகுவதற்குள் உண்டாகிற வாயு எல்லாம் விளிம்பு வழியே போய்விடும். பீரை நிரப்பியவுடனே சிலிண்டரிலிருந்து 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை அமர்த்தி, உள்ளே மிஞ்சிய காற்றை இரண்டு மூன்று முறை வெளியேற்றிவிட்டு, ஓரளவு அழுத்தத்தோடு கெக்கை ஒதுக்கி வையுங்கள்.