பீரங்கிக்கு கணக்கு போட்ட பெட்டி

போன ஞாயித்துக்கெழமை கம்மவான்பேட்டைக்கு போயிருந்தேன். வேலூர்காரங்களுக்கு தெரியும், ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, அவ்ளோ பேர் மிலிட்டரி. எங்க பெரிப்பாவும் ஆர்ட்டிலரிதான், ஆனா பீரங்கி சுட்டவரு இல்ல, அதுக்கு கணக்கு போட்டவரு. தூரம், காத்து, வெடிமருந்தோட சூடு எல்லாத்துக்கும் டேபிள் புக்க பார்த்து பென்சில்ல கூட்டி கழிச்சு, குழாய இவ்ளோ தூக்குன்னு சொல்லணும்.

அவருக்கு போன்ல ஃபடாக் போட்டோ காட்டினேன். அமெரிக்காக்காரன் 1960 வாக்குல இந்த கணக்குக்குன்னே செஞ்ச கம்ப்யூட்டர், வியட்நாம் வரைக்கும் போச்சு. டிரான்சிஸ்டர்ல ஓடறது, மெமரிக்கு உள்ள ஒரு தட்டு சுத்திகினே இருக்கும், பட்டன அழுத்தி விவரம் குடுத்தா கோணம் நம்பரா வரும். எடை மட்டும் 80, 90 கிலோ, ஒரு அரிசி மூட்டைக்கு மேல!

கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு போன கண்ணுகிட்ட வெச்சு பார்த்தாரு. "கரண்டு எங்கருந்துடா வரும்?"

ஜெனரேட்டர் கூடவே போவும்னேன். "அப்ப பெட்டிய தூக்க நாலு பேரு, ஜெனரேட்டருக்கு நாலு பேரு, கணக்கு போட நான் ஒருத்தன் போதும்"னு சிரிச்சாரு.

இதுக்கே இப்டின்னா 1954ல வந்த டைசியாக்குங்கற அமெரிக்க கம்ப்யூட்டர பத்தி கேட்டா இன்னா சொல்லுவாரோன்னு அதையும் சொன்னேன். அது டிரான்சிஸ்டருக்கு முந்தின வேக்குவம் டியூப் காலம், பல்பு மாதிரி சூடாவற கண்ணாடி குழாய், சுமார் 900 டியூபு, ஆயிரக்கணக்குல டயோடு, மொத்தம் கிட்டத்தட்ட 20 டன்னு, அத டிரெய்லர்ல ஏத்தி நகர்ற கம்ப்யூட்டர்னு சொன்னாங்க. மெமரி வெறும் 512 'வேர்டு', ஒரு வேர்டுன்னா ஒரு நம்பரோ ஒரு கட்டளையோ அடங்கற எடம், அது பாதரசம் ரொப்பின குழாய்ல ஒலி அலையா ஓடிகினே இருக்கும். இன்னிக்கு வாட்சப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம்கூட அதுல அடங்காது. அப்புறம் 1959ல சில்வேனியா கம்பெனி செஞ்ச மொபிடிக்குங்கற கம்ப்யூட்டர், டியூப விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிடுச்சு, ஆனா அதுக்கும் பெரிய டிரெய்லர்தான். நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன், நம்மூரு மே மாச வெயில்ல ஃபேன்ல தூசி அடைச்ச லேப்டாப்பே கைய சுடுது, அந்த டியூபுங்கள நெனச்சாலே வேர்க்குது.

பெரிப்பா திரும்பவும் ஃபடாக்குக்கே வந்தாரு. "அது தப்பா போட்டா? எங்க கணக்க இன்னொருத்தன் தனியா போட்டு பார்ப்பான், ரெண்டும் ஒத்து வந்தாதான் ஃபயர்."

அங்கயும் அப்டிதான் பெரிப்பா, பெட்டி சொன்னத பக்கத்துல ஒருத்தர் சார்ட்ல கையால போட்டு சரிபார்ப்பாங்கன்னு சொன்னேன். மூஞ்சில ஒரு வெளிச்சம்.

"அந்த போட்டோவ அனுப்பு, எங்க ரெஜிமெண்ட் குரூப்ல போடணும்."