கேங் படத்துக்குச் சென்சார்: ரத்தத்தைவிட நாய்தான் இழுத்தடித்தது

தொண்ணூறுகளில் டொரன்டோவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட தமிழ்ப் பெடியள் (பையன்கள்) கூட்டங்களைப் பற்றியது எங்கள் படம். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஸ்கார்பரோ அடுக்குமாடிகள், கத்தி, துப்பாக்கி எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட கதையோடு சென்சாருக்குப் போகும்போது வெட்டுக்குத்துக் காட்சிகளை நினைத்துத்தான் பயம் வரும். எங்களை மூன்று வாரம் கட்டிப் போட்டதோ, முட்டம் கடற்கரையில் எடுத்த நான்கு விநாடி ஷாட்டில் குறுக்கே ஓடிய தெருநாய்.

யாழ்ப்பாணத்துக் கடற்கரையாக முட்டத்தையும் தேங்காய்ப்பட்டணத்தையும் காட்டியிருந்தோம். வள்ளம், வலை, மணல் எல்லாம் பொருந்தியது. நாயை எடிட்டிங் டேபிளில் யாரும் கவனிக்கவில்லை. படத்தில் விலங்கு வந்தால் விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நடிக்கவைக்கும் விலங்கென்றால் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். முடிந்த பிறகு தனியாகச் சான்று. நம் நாய் நடிக்கவில்லை, தானாக ஓடியது என்று வாயால் சொல்லிப் பயனில்லை.

இதற்காக ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நாகர்கோவிலிலிருந்து ராத்திரி வண்டி ஏறி, முன்பு வாரியம் இருந்த சென்னைத் திருவான்மியூர் போனது சுத்த வீண். வாரியம் எப்போதோ ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறிவிட்டது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் செலவு. கடைசியில் பிரச்சினை தீர்ந்தது எடிட்டிங் டேபிளில்தான். 4கே-யில் எடுத்த ஷாட், தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபி அதில் பாதி அகலமுள்ள 2கே. இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் தெளிவு குறையாது. 130 சதவீதம் பெரிதாக்கி ஃப்ரேமைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளியதும் நாய் வெளியே போய்விட்டது. விண்ணப்பம் போடும் முன் படத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிட்டு, ஆடு, மாடு, நாய், கோழி மட்டும் தேடுங்கள். கதைக்குத் தேவையில்லாததை அப்போதே வெட்டிவிடலாம்.

அடுத்தது சிகரெட். கேங் படத்தில் பையன்கள் கடைக்குப் பின்னால் கூடி நின்று புகைப்பார்கள். அது இல்லாமல் அந்த உலகமே இல்லை. 2012-இல் வந்த விதிப்படி, படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி சுகாதார விளம்பரம், அதைத் தவிர இரண்டு இடத்திலும் குறைந்தது 20 விநாடி ஒலி-ஒளி எச்சரிக்கை, புகை தெரியும் ஒவ்வொரு ஷாட்டின் அடியிலும் எழுத்து. எழுத்தை ‘சீன்’ தொடங்கும் இடத்தில் ஒருமுறை போட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. கட் மாறி, சிகரெட் இருக்கும் ஷாட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் எழுத்தும் திரும்ப வர வேண்டும். பாக்கெட்டில் பிராண்ட் பெயர் தெரியக் கூடாது. புகையிலைக் காட்சி ஏன் தேவை என்று விளக்கும் கடிதத்தையும் சேர்த்தே வையுங்கள்.

இதில் எங்களுக்கு மட்டும் வந்த ஒரு சிக்கல் உண்டு. டொரன்டோ நண்பர்கள் எடுத்து அனுப்பிய குளிர்கால ஷாட்களில் பையன்களின் மூச்சு வெள்ளையாகப் புகைகிறது. நம் ஊர் உதவி எடிட்டர் அது சிகரெட் புகை என்று நினைத்து பதினோரு இடத்தில் எழுத்தைப் போட்டுவிட்டார். கையில் சிகரெட் இல்லாத ஷாட்டுகள் அவை. ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தோம்.

அதே கனடா ஷாட்கள் வேறு வகையிலும் படுத்தின. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டியூப் லைட் வெளிச்சத்தில் 24 ஃப்ரேமில் எடுக்கும்போது அங்கே கேமரா ஷட்டரின் கோணம் 144 டிகிரி, இங்கே 172.8 வைத்தால்தான் வெளிச்சம் துடிக்காது. இதை முன்பே சொல்லி அனுப்பியதால் படம் தப்பியது. விநாடிக்குச் சரியாக எத்தனை ஃப்ரேம் என்பதைச் சொல்ல மறந்தோம். அவர்கள் 23.976-இல் எடுத்தார்கள், முழுப் படத்தின் எடிட்டிங்கும் அதிலேயே நடந்தது, எங்கள் டிசிபி 24. இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி. 1 மணி 52 நிமிடப் படத்தில் ஏறக்குறைய ஏழு விநாடி. போஸ்ட் புரொடக்‌ஷன் செய்த இடத்தில் படத்தை மட்டும் 24-க்கு மாற்றி, ஒலியை அப்படியே விட்டுவிட்டார்கள். முதல் ஒரு நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. கிளைமாக்ஸில் துப்பாக்கி வெடித்து ஆறேழு விநாடிக்குப் பிறகு சத்தம் வந்தது! டிசிபியைத் தொடக்கத்தை மட்டும் பார்த்து ‘சரி’ என்று வாங்காதீர்கள். கடைசி ரீலைப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் எழுதும் படநேரத்தையும் டிசிபியிலிருந்தே எடுங்கள். லேப்டாப்பில் எம்பி4 ஃபைல் காட்டும் நேரத்தை எழுதினால் டிசிபியோடு ஒத்துவராது.

விண்ணப்பம் இணையதளத்தில்தான். கதைச் சுருக்கம், முழு வசனம், பாட்டு வரிகள், டைட்டில் கடிதம் எல்லாம் பதிவேற்றுவது ஒரு நாள் வேலை. வசனத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எங்கள் பாத்திரங்கள் யாழ்ப்பாணத் தமிழும் டொரன்டோ ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். ‘சாமான் எங்கே?’ என்றால் அவர்களுக்குப் பொருள், கேங் பேச்சில் ஆயுதம். இங்கே அது வேறு மாதிரி காதில் விழும். வசனப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பொருள் எழுதி வைத்திருந்தோம். திரையிடலுக்குப் பிறகு குழு கேட்டது, பிரதியைக் காட்டினோம், வார்த்தை நின்றது. இந்தப் படத்தில் எனக்கு மிகப் பெரிய நிம்மதி அதுதான். ‘விசர்’ (பைத்தியம்), ‘ஒழுங்கை’ (சந்து), ‘கதைக்கிறது’ (பேசுவது) எல்லாவற்றுக்கும் அப்படி எழுதுங்கள்.

ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளை மியூட் செய்யச் சொன்னார்கள். ஆறு சேனலில் ஒலி பிரியும் 5.1 மிக்ஸில், வசனம் வரும் நடு சேனலை மட்டும் அமுக்கினால் போதாது. எதிரொலி பக்கவாட்டு, பின்பக்க சேனலான சரவுண்டில் கிடக்கும், தியேட்டரில் பின்னாலிருந்து கேட்கும். ஆறு சேனலிலும் அமுக்க வேண்டும். சப்டைட்டிலிலும் அந்த வார்த்தை போயாக வேண்டும். ஒலியில் எடுத்து எழுத்தில் விட்டதற்காக நாங்கள் டிசிபியை இன்னொரு தடவை போட்டோம். ஒரு வாரமும் பணமும் போனது.

வன்முறைக்கு வருகிறேன். 1991 வழிகாட்டு நெறிகளில் குற்றவாளிகள் குற்றம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுப்பதுபோல் காட்டக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கத்தி குத்துவதைவிட, திருட்டு கிரெடிட் கார்டு தயாரிக்கும் விவரத்தில்தான் கேள்வி வரும். அந்தக் காட்சியை எழுதும்போதே கையைக் காட்டாமல் முகத்தைக் காட்டியது நல்லதாகப் போயிற்று. உண்மைக் கூட்டங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். ‘உண்மைச் சம்பவம்’ என்று கார்டு போட்டால் அதற்கான காகிதம் கேட்பார்கள். வீட்டுச் சுவரில் புலிக்கொடி தெரிகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் 1992 முதலும் கனடாவில் 2006 முதலும் அந்த இயக்கம் தடைசெய்யப்பட்டது. பின்னணியில் மங்கலாக இருந்தாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

சிறுவயதுக் காட்சிகளுக்கு மூன்று பையன்கள். குழந்தை நடிகர்களுக்கு மாவட்ட ஆட்சியரிடம் படிவம் சி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலேயே. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பையன் பெயரில் வங்கி டெபாசிட். அனுமதி ஆறு மாதம்தான் செல்லும். மழைக்காக ஷூட்டிங் தள்ளிப்போனால் முதலில் இந்தத் தேதியைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளைத் துன்புறுத்தவில்லை என்ற அறிவிப்பும் படத்தில் வர வேண்டும்.

யுஏ 16+ சான்றிதழ் (பதினாறு வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கும் வகை) கிடைத்தது. ‘ஏ’ என்றால் டிவி விற்பனை அந்த வடிவத்தில் நடக்காது என்பதால் நான்கு இடத்தில் ரத்தத்தைக் குறைக்கச் சம்மதித்தோம். சான்றிதழ் கார்டைப் படத்தின் தலையில் சேர்த்துக் கடைசி டிசிபி போட வேண்டும். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மார்த்தாண்டம் தியேட்டருக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறோம், கிளைமாக்ஸில் சத்தம் சரியாக விழுகிறதா என்று இரண்டு முறை பார்த்த பிறகு.