பூட்டு உடையவில்லை, லேப்டாப்பும் போனும் இல்லை: விடுதித் திருட்டுக்குப் பிறகு பட்ட அலைச்சல்

காட்பாடி பக்கம் ஒரு கல்வி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன், தங்குவது வளாக விடுதியில். என் அறையில் திருட்டு போய், புகார் கொடுத்து, போனை முடக்கி, கடைசியில் பூட்டையே மாற்ற வைத்தது வரை நடந்ததை எழுதுகிறேன். புதிதாக விடுதிக்கு வருபவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போனது லேப்டாப்பும் போனும். கருவிகள் இருக்கும் அறைக்குள் போன் கொண்டுபோக எங்களுக்கு அனுமதி இல்லை, அதனால் விடுதி அறையில்தான் வைத்துவிட்டுப் போக வேண்டும். மதியம் திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. யாரோ சாவி போட்டுத் திறந்து, எடுத்துக்கொண்டு, நிதானமாக மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விடுதி அலுவலகத்தில் முதலில் கேட்ட பதில்: "சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா, உங்க பொருளுக்கு நீங்கதான் பொறுப்பு." சேர்க்கைப் படிவத்தில் அந்த வரி இருப்பது உண்மைதான். ஆனால் பூட்டு அவர்கள் கொடுத்தது, சொந்தப் பூட்டு போடக்கூடாது என்பதும் அவர்கள் விதிதான். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அலுவலகத்தில். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டதும் அங்கிருந்த கிளார்க்கின் குரலே மாறிவிட்டது. சாவிப் பதிவேட்டைக் காட்ட முடியாது, அது அலுவலக ஆவணம் என்றார். பூட்டுக்கும் சாவிக்கும் அவர்கள் பொறுப்பில்லை, போன பொருளுக்கு மட்டும் நான் பொறுப்பு என்றால் இது என்ன நியாயம்? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாயால் கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. ஒரு கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். அதில் மூன்று விஷயம் கேட்டேன்: பதிவேட்டைக் காட்ட வேண்டும், அன்றைய சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும், பூட்டை மாற்ற வேண்டும். சிசிடிவி விஷயத்தில் தாமதிக்கவே கூடாது. கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். "நாங்களே விசாரிக்கிறோம், கொஞ்சம் பொறுங்க, போலீஸுக்குப் போனா வளாகத்துக்குத்தான் கெட்ட பேரு" என்று செக்யூரிட்டி அதிகாரி சொன்னார். நல்ல வேளை, நான் பொறுக்கவில்லை.

முத்திரை வைத்த கடிதம் போனபிறகு பதிவேடு தானாக வெளியே வந்தது. என் அறை எண்ணுக்கு நேராக, எனக்கு முன்பு இருந்தவரிடம் சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது. திருப்பி வாங்கிய கட்டம் காலி. அந்தச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டையும் மாற்றாமல் அப்படியே என்னிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்து, போலீஸ் புகாரோடு சேர்த்தேன். எடுத்தது அந்தப் பழைய மாணவிதான் என்று நான் சொல்லவில்லை. சாவி ஒன்று கணக்கில் இல்லாமல் வெளியே சுற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

காவல் நிலையத்தில் வேறு கதை. முதலில் போன இடத்தில் இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். கூட வந்த சீனியர் அக்கா இதைப் பொறுமையாகச் சொன்னதும் உட்காரச் சொன்னார்கள். அடுத்து, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் எழுத்தர். தயவுசெய்து அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். பூட்டிய அறையிலிருந்து எடுத்தால் அது திருட்டு. குடியிருக்கும் இடத்தில் நடக்கும் திருட்டுக்கு பிஎன்எஸ் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. நீங்களே தொலைத்துவிட்டதாக எழுதிவிட்டால் அப்புறம் யாரும் தேடவே மாட்டார்கள். அன்றைக்கு புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும்தான் கிடைத்தது, முதல் தகவல் அறிக்கையான எஃப்ஐஆருக்கு மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்பி) அனுப்பலாம்.

போனை முடக்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சிஇஐஆர் என்ற பகுதி இருக்கிறது. புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எல்லாம் வேண்டும். இரண்டு சிம் போன் என்றால் ஐஎம்இஐயும் இரண்டு. பெட்டி மேல் அச்சடித்திருக்கும், பெட்டி இல்லாவிட்டால் கூகுள் கணக்கில் போனைத் தேடும் பக்கத்தில் பார்க்கலாம். இங்கேதான் நான் மாட்டினேன். விண்ணப்பிக்க ஓடிபி வேண்டும், அதற்கு அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும், வாங்கிய சிம்மில் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினேன். முதல் வேலையாக சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பூட்டு மாற்றும் அனுமதிக்கு என் நெறியாளரே பேச வேண்டியிருந்தது. வேலூர் லாங் பஜாரிலிருந்து சாவி போடுகிற பெரியவரை அழைத்து வந்தேன். கதவைப் பார்த்ததும், "பூட்டு கெடக்கட்டும்மா, கொண்டியப் பாத்தியா நீ? ஸ்க்ரூ எல்லாம் வெளியவே கீது. சாவியே வேணாம், ஒரு திருப்புளி போதும்" என்றார். அந்த மாடி முழுக்க அப்படித்தான். பூட்டினால் ஸ்க்ரூவை மூடிக்கொள்ளும் கொண்டி போட்டு, உள்பக்கம் நட்டு வைத்து போல்ட்டால் இறுக்கிக் கொடுத்தார். அலமாரிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன். எத்தனை லீவர் (பூட்டுக்குள் சாவி தூக்கும் தகடு) என்று கேட்டு வாங்குங்கள், லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கஷ்டம். அறைக் கதவின் புதுப் பூட்டுக்கான இரண்டாவது சாவியைக் கையெழுத்துப் போட்ட கவரில் ஒட்டி அலுவலகத்தில் கொடுத்தேன். அவசரத்துக்குக் கவரைப் பிரித்தால் யார், எப்போது என்று எழுத வேண்டும். இப்போது எங்கள் மாடியில் எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள், பக்கத்து மாடியிலும் கொண்டி மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

முடக்கிய போனில் யாரோ வேறு சிம் போட, தகவல் காவல் நிலையத்துக்குப் போய், போன் திரும்பக் கிடைத்தது. அதே தளத்தில், விண்ணப்பித்தபோது வந்த கோரிக்கை எண்ணைக் கொடுத்துத்தான் முடக்கத்தை நீக்க முடியும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். லேப்டாப் இன்னும் வரவில்லை, எஃப்ஐஆர் நிலுவையில் இருக்கிறது. அறை காலி செய்பவர்கள் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுத்த கட்டத்தில் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.