பட்டியலில் இல்லாத பேணி

2001இல் அந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு திறப்புக் கோர்வையைக் கையில் தந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரக் கவுன்சில். வீட்டு இலாகாவுக்குள் புதிதாகத் தொடங்கிய அகதிகள் பிரிவில் எட்டுப் பேர் வேலை செய்தோம், இரண்டு வான் இருந்தது. என்னை எடுத்தது மொழிபெயர்ப்புக்கு. ஆனால் வந்திறங்கியவர்களில் தமிழர் குறைவு, குர்திஷ்காரரும் ஆப்கானியரும் சோமாலியரும்தான் கூட. சும்மா இருக்க விடுவார்களா? கட்டில் பூட்டுவது, கேஸ் மீட்டர் பார்க்கப் பழக்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

அகதிகளுக்கு வீடு கொடுக்க உள்துறையோடு கவுன்சில் செய்த ஒப்பந்தத்தோடு ஒரு பொருட்பட்டியல் இருந்தது. ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு கப், கத்தி, முள்ளு, கரண்டி. கட்டில், மெத்தை, போர்வை. வீட்டுக்கு ஒரு கேத்தில், ஒரு டோஸ்டர். ஆள் வந்த அன்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். விடிய நான்கு மணிக்கு பஸ் ஏறி, எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் நிற்கிற மனுசனுக்கு முள்ளுக் கரண்டியை எண்ணிக் காட்டுவது எவ்வளவு விசர் வேலை என்று அன்றைக்கே தோன்றியது. ஆனாலும் எண்ணினேன்.

ஆறு பேருக்குச் சோறாக்கக் காணும் பானை அந்தப் பட்டியலில் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் கக்கூசில். எந்த நாட்டுக்காரர் ஆனாலும், இரண்டாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது ஒன்றைத்தான்: தண்ணீர் அள்ள ஒரு பேணி. எங்கள் மேலாளர் நல்ல மனுசி, அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! இரண்டு தரம் சுற்றி வளைத்துச் சொன்னேன், பிடிபடவில்லை. மூன்றாம் தரம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முகம் சிவந்து, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே மலிவுக் கடையில் நாற்பது பிளாஸ்டிக் அளவுச் சாடிகள் வாங்கினோம். கணக்கில் 'குசினிச் சாமான்' என்று பதிந்தோம். பத்து வருட வேலையில் நான் செய்த பெரிய சீர்திருத்தம் அதுதான்.

வீடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் அகதிக் கோரிக்கை வைத்தவர்களில் பெரும் பகுதியினருக்கு அரசு உதவித் தொகையை நிறுத்தியது. நீதிமன்றம் 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தைக் காட்டி, அவர்களைப் பட்டினி போடாமல் பார்ப்பது கவுன்சில்களின் பொறுப்பு என்றது. அந்தப் பாரம் முக்கால்வாசி லண்டனிலும் கென்டிலும் விழுந்தது. அதற்காகத்தான் 1999இல் புதுச் சட்டம். 2000 ஏப்ரலில் இருந்து ஆட்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள், எங்கே போவது என்று தெரிவு செய்ய முடியாது. உள்துறையில் இதற்கென ஒரு பிரிவு. அதை எல்லோரும் 'நாஸ்' என்போம். கிளாஸ்கோ நகரக் கவுன்சில் மட்டும் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 2,500 வீடு தர ஒப்புக்கொண்டது. சைட்ஹில், ரெட் ரோடு போன்ற இடங்களின் உயர்ந்த மாடிக் கட்டடங்கள் அப்படித்தான் நிரம்பின. ஆலைகள் மூடி, சனம் குறைந்து, உள்ளூர்க்காரர் வேண்டாம் என்ற வீடுகள். எங்கள் நகரத்திலும் அதே கதைதான். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததற்கு நிறம் பூசி, புதுக் கதவு போட்டு நாஸுக்குக் கொடுத்தோம். வாடகை வராத வீட்டுக்கு அரசு காசு தருகிறது என்றால் எந்தக் கவுன்சில் விடும்? அகதிகள் மேல் இருந்த இரக்கத்தால் மட்டும் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் அந்த முதல் ஒப்பந்தத்தில் ஒரு வசதி இருந்தது. வீடு நிறைந்தாலும் வெறுமையாக இருந்தாலும் பேசிய காசு வரும். கணக்காய்வாளர்களுக்கு அது வீண் செலவு. வெறும் கட்டிலுக்கு ஏன் காசு என்று கேட்டார்கள், கேள்வி நியாயம்தான். எங்களுக்கோ அதுதான் கைகாவல். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் பக்கத்து வீதியில் ஒரு வீடு இருக்கும். இரண்டு பேர் ஒத்துவராமல் அடிபட்டால் ஒருவரை அன்றிரவே மாற்றலாம்.

காசு விஷயத்தில் தொடக்கம் கேவலமாக இருந்தது. 2000இல் 25 வயதைத் தாண்டிய தனி ஆளுக்குக் கிழமைக்கு 36.54 பவுண்ஸ். அதில் பத்துப் பவுண்ஸ்தான் காசு, மிச்சம் வவுச்சர். கடைக்காரர் வவுச்சருக்கு மிச்சக் காசு தர மாட்டார். எட்டுப் பவுண்ஸுக்குச் சாமான் எடுத்துவிட்டு, பத்துப் பவுண்ஸ் வவுச்சரை வைத்துக்கொண்டு, மிச்ச இரண்டுக்கு என்ன எடுப்பது என்று வரிசையை நிறுத்தி யோசிக்கிற ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சு இன்னும் கேட்கிறது. 2002 ஏப்ரலில் அதை ஒழித்தார்கள்.

2006இல் ஒப்பந்தம் மாறியபோது வெறும் கட்டிலுக்குக் காசு இல்லை என்றானது. அதற்குப் பிறகு எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேச்சே மாறிவிட்டது. முன்பு 'அந்த எரித்திரியக் குடும்பம்' என்போம். இப்போது 'மூன்று கட்டில் சும்மா கிடக்கிறது' என்றோம். நானும் அப்படித்தான் பேசினேன். எப்போது மாறினேன் என்று தெரியாது.

2012இல் கவுன்சில்களின் கதை பெரும்பாலும் முடிந்தது. நாட்டை ஆறு பிராந்தியமாக்கி மூன்று கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை. கையளிக்கிற கிழமை புதுக் கம்பெனியின் இளைஞர் ஒருவரோடு வீடு வீடாகப் போனேன். கெட்டிக்காரப் பொடியன், மரியாதையாகப் பேசினான். கையிலே பட்டியல், ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டு வந்தான். நான்காவது வீட்டில் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா வீட்டிலும் இந்தச் சாடி இருக்கிறதே, பட்டியலில் காணவில்லை. இது கவுன்சிலுடையதா, அவர்களுடையதா?" என்று கேட்டான். "அவர்களுடையது" என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

ஒப்பந்தம்தான் போனது. ஆட்கள் அதே நகரத்தில்தான் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது கவுன்சில். தாய் தகப்பன் இல்லாமல் வந்த சிறுவர்களை 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி பொறுப்பெடுப்பதும் கவுன்சில். அப்புறம் அந்த 28 நாள். அப்போதெல்லாம் அகதியாக ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தால் 28 நாளில் வீடும் காசும் நிற்கும். அதற்குள் அரசு உதவிக்கு விண்ணப்பித்து, வங்கிக் கணக்குத் திறந்து, வாடகைக்கு வீடும் தேட வேண்டும். முடியாதவர்கள் 29ஆம் நாள் வந்து நிற்பது கவுன்சிலின் வீடற்றோர் பிரிவில். மறுத்த கடிதத்தைவிட ஏற்றுக்கொண்ட கடிதத்தைப் பார்த்துப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். 2012க்குப் பிறகு என்னை மாற்றியதும் அந்தப் பிரிவுக்குத்தான்.

2019இல் வந்த பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு முதலில் போட்ட கணக்கு 4.5 பில்லியன் பவுண்ஸ். அது 15.3 பில்லியனில் போய் நிற்கும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025இல் சொன்னது. பெரும் பகுதி ஹோட்டல் செலவு. மறுபடி கவுன்சில்களிடம் கொடுக்கலாமே என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. கொடுத்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தத் தரம் வெறுமையாகக் கிடக்கிற வீடு ஒன்றுமில்லை. எங்கள் பழைய மாடிக் கட்டடங்கள் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது.

2014 குளிரில் ஒரு பொடியன் வந்தான். யாழ்ப்பாணம், முப்பது வயதிருக்கும். அப்போது கிழமைக் காசு 36.62 பவுண்ஸ், அதாவது 2000இல் இருந்ததைவிட எட்டுப் பென்ஸ் கூட. அவனுக்கு விசா கிடைத்து 26 நாள். படிவத்தில் உள்ளபடி கேட்டேன்: பிள்ளை இருக்கிறதா, வருத்தம் ஏதும் இருக்கிறதா. இரண்டும் இல்லை. ஆரோக்கியமான தனி ஆம்பிளைக்கு அன்றைய சட்டப்படி ஆலோசனை மட்டும்தான் தரலாம். சில தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெளியே போகாமல் நின்றான்.

"என்ன தம்பி?"

"அண்ணை, திறப்பை ஆரிட்டக் குடுக்கிறது? உங்களிட்டத் தரலாமோ?"

அது கம்பெனியுடைய வீடு, அவர்கள் ஆள் வந்து வாங்குவார், இல்லாவிட்டால் இந்த எண்ணுக்கு அடித்துப் பார் என்று சொல்லி, அதே தாளை வாங்கி இன்னோர் எண்ணையும் எழுதினேன்.