கொழும்பு, 225 பேரு, ரெண்டு லிட்டரு

ஜூலை 9, 2022 சனி

அக்கா போன எடுக்கல. அத்தானும் எடுக்கல.

டிவில ஒரே ஜனம். கொழும்புல ஜனாதிபதி மாளிகைக்குள்ள பூந்துட்டாவ, ஒருத்தன் நீச்சல் கொளத்துல குதிக்கான், ஒருத்தன் மெத்தையில படுத்துக்கிட்டு போட்டோ எடுக்கான், அம்மா அதப் பாத்து சிரிக்கவும் செய்யுதா, முந்தானையால கண்ணத் தொடைக்கவும் செய்யுதா. அக்கா இருக்க கொட்டாஞ்சேனைக்கும் அந்த எடத்துக்கும் எவ்வளவு தூரம்னு அப்பா அஞ்சு தடவ கேட்டுட்டாவ. மேப்புல காட்டுனா அப்பவும் நம்பல.

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்ல வந்தா. "ஒண்ணும் இல்லடி, சார்ஜ் இல்ல, கரண்ட் இல்ல" அவ்ளோதான். பிரதமர் ரணிலோட சொந்த வீடு எரியுது, ஜனாதிபதி கோட்டா 13ஆம் தேதி விலகுதாராம், சபாநாயகர்தான் சொல்லுதாரு, கோட்டா எங்க இருக்காருன்னே யாருக்கும் தெரியல. அப்பா கேக்காவ, அடுத்து யாரு நிப்பான்? யாருப்பா நிப்பா இதுல போயி.

ஜூலை 10

அத்தான் வச்சிருக்க பெட்ரோல் ரெண்டு லிட்டர் பத்திரமா இருக்காம்.

ஜூலை 11 திங்கள்

நெல்லையப்பர் தேரு. கொரோனாவுக்கு அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு ஓடுது, காலைலயே ரதவீதியில கால் வைக்க எடமில்ல. அப்பாவுக்கு மூட்டு வலி, வாசல்ல சேரப் போட்டு உக்காந்துட்டாவ. நான் கொஞ்ச நேரம் வடத்தத் தொட்டுட்டு வந்தேன். திரும்புற எடத்துல சக்கரத்துக்கு அடியில கட்டை போடுறவரு ஒருத்தரு, ஒல்லியா, அம்பது வயசு இருக்கும், இடுப்புல துண்டு. சக்கரம் அவரு கையில இருந்து ஒரு சாண் தள்ளி நிக்கி, ஜனம் பூரா மேல சாமியப் பாக்கு, அவரு மட்டும் கீழயே பாத்துக்கிட்டு "விடு விடு... நிறுத்தே"ன்னு கத்துதாரு. அவரு கட்டைய உருவுனாத்தான் இம்புட்டு பேரு இழுத்தும் தேரு அசையும்.

வீட்டுக்கு வந்தா டிவில அதிமுக பொதுக்குழு, எடப்பாடி இடைக்காலப் பொதுச்செயலாளராம். அப்பாவுக்கு கை பரபரன்னு இருக்கு, ரிமோட்ட வச்சு சென்னை, கொழும்பு, சென்னை, கொழும்புன்னு மாத்துதாவ. இன்னிக்கு எல்லா ஊர்லயும் நாற்காலி சண்டையான்னு ஆச்சி கேட்டா.

அக்காவுக்கு டிக்கெட் 23ஆம் தேதிக்கு போட்டாச்சு. திருவனந்தபுரம். வயித்துல ஏழு மாசம் முடியப்போகுது, இதுக்கு மேல தள்ளுனா பிளேன்ல ஏத்த மாட்டானுவ.

ஜூலை 12

தூக்கம் வரல. கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். அங்க பெட்ரோல் லிட்டர் 470 ரூவா, அவுக ரூவா. டாலருக்கு அவனுக்கு 360, நமக்கு 79, அப்ப நம்ம பணத்துல பாத்தா 103, 104 வருது. நம்ம பங்க்லயும் அதே விலதான்! என்ன, இங்க போனா ஊத்துவான், அங்க ஊத்த இல்ல. டாலர் இல்ல, கப்பல் இல்ல. ஏப்ரல்லயே வெளிநாட்டு கடனத் திருப்பிக் கட்ட முடியாதுன்னு சொல்லிட்டாவல்லா, அப்புறம் எவன் கடனுக்கு எண்ணெய் அனுப்புவான். அது போக அங்க உள்ள சம்பளம் அதே சம்பளம், வில மட்டும் ஏறிட்டு.

அத்தான் ஆட்டோவுல பழைய தண்ணி கேன்ல ரெண்டு லிட்டர் ஒளிச்சு வச்சிருக்காவ. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு போக ஒண்ணு வர ஒண்ணு. பத்து நாளா ஆட்டோவ வாசல்ல நிறுத்தி தார்ப்பாய் போட்டு மூடி, ஓட்டாம, வருமானமும் இல்லாம. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலின்னு வந்து கேட்டப்ப அத்தான் கொடுத்தாவளா இல்லையான்னு அக்கா சொல்லல. நானும் கேக்கல.

ஜூலை 13

விடியக்காலம் ராணுவ விமானத்துல மாலத்தீவுக்கு போயிட்டாரு கோட்டா. ரணில் பதில் ஜனாதிபதியாம், ஜனம் அவரு ஆபீசுக்குள்ளயும் பூந்துட்டு. ஊரடங்கு. அக்கா அழுதா. ஊரடங்குன்னா ஏர்போர்ட்டுக்கு எப்படி? டிக்கெட்டக் காட்டுனா விடுவானுவன்னு அத்தான் சொல்லுதாவ. எவன் விடுவான், ஆர்மிக்காரன்ட்ட தமிழ்ல சொல்லி வெளங்கிரும்.

ஜூலை 14

சிங்கப்பூராம்.

ஜூலை 16 சனி

நேத்து ராஜினாமாவ ஏத்துக்கிட்டாவ. 20ஆம் தேதி பார்லிமெண்டுல ஓட்டு. ஜனம் போடுற ஓட்டு இல்ல, எம்பிமாரு 225 பேரு மட்டும், அதுவும் ரகசியமா.

அப்பா காலண்டர் தாளக் கிழிச்சு பின்னால கணக்கு எழுதுதாவ. கோட்டாவோட மொட்டுக் கட்சி 145, எதிர்க்கட்சி சஜித் 54, தமிழ்க் கூட்டமைப்பு 10, ஜேவிபி அனுர 3. பழைய கூட்டுறவு சொசைட்டி தேர்தல் ஞாபகம் வந்துட்டு போல, அப்பாவுக்கு முகத்துல ஒரு களையே வந்துட்டு, மாத்திரை போடக்கூட மறந்துட்டாவ. ரணிலுக்கு எத்தனைப்பான்னு கேட்டேன். ஒண்ணு, அவரேதான்னாவ. நெசமாத்தான். 2020 தேர்தல்ல அவரு கட்சி ஒரு தொகுதி கூட ஜெயிக்கல, தேசியப் பட்டியல்ல கெடச்ச ஒத்த சீட்டுல ஒரு வருசம் கழிச்சு வந்து உக்காந்தாரு. ஆறு தடவ பிரதமரு, ஜனாதிபதிக்கு 1999ல நின்னு தோத்தாரு, 2005ல நின்னு தோத்தாரு. அவரு வீட்ட எரிச்சு ஒரு வாரம்தான் ஆவுது, இப்ப அவருதான் முன்னால நிக்காரு. ஒத்த சீட்டு வச்சிருக்கவனுக்கு எதுத்த கட்சிக்காரன் 145 பேரு ஓட்டுப் போடுவான்னா இதுல ஏதோ இருக்குல்லான்னு அப்பா சிரிக்காவ. என்ன இருக்கு, பயம் இருக்கு. பழைய ஆளுகளுக்கு காவலுக்கு ஒரு ஆளு வேணும்.

எனக்கு புரியாதது வேற. திவாலான கடைக்கு முதலாளியாக ஏன் இத்தன பேரு முட்டிக்கிட்டு நிக்கானுவ? கல்லாவுல ஒண்ணும் இல்ல, கடன்காரன் வாசல்ல நிக்கான், கடன் குடுக்குற ஐஎம்எஃப் வந்து வரியக் கூட்டு, கரண்ட் பில்லக் கூட்டுன்னு சொல்லப் போறான், யாரு ஜெயிச்சாலும் திட்டு வாங்கப் போறான். இருந்தாலும் நிக்கானுவ.

ஜூலை 17

அக்காவுக்கு சொதி வேணுமாம். அங்கயும் சொதி உண்டுல்லாட்டின்னா, அது வேறடி, மறுவீட்டுச் சொதி, இஞ்சிப் பச்சடி வச்சுங்கா. அங்க கேஸ் சிலிண்டர் அஞ்சாயிரத்த தொடுது, அதுவும் வரிசையில நின்னாத்தான். வெறகு வச்சு மொட்டமாடியில சமைக்காளாம், ஏழு மாசத்துல. அம்மாட்ட நான் இதச் சொல்லல.

ஜூலை 18

இங்க நமக்கும் இன்னிக்கு ஜனாதிபதி ஓட்டு, முர்முவா சின்ஹாவா. நம்மட்டயும் யாரும் கேக்கலன்னு சொன்னேன், அப்பாவுக்கு கோவம். நம்ம ஜனாதிபதி வேற, அங்க உள்ள ஜனாதிபதி கையிலதான் எல்லாமும், ரெண்டும் ஒண்ணாட்டின்னாவ. சரிதான்.

ஆச்சி மட்டும் அங்க பழைய பிரதமர் சிறிமாவோ மகன் எவனும் நிக்கானான்னு கேட்டுக்கிட்டு இருக்கா. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஆச்சிய இந்தியாவுக்கு கப்பல் ஏத்துனதுல இருந்து அவளுக்கு இலங்கைன்னா சிறிமாவோ ஒருத்திதான்.

அங்க மறுபடியும் அவசரநிலை.

ஜூலை 19

சஜித் வெலகிட்டாரு, டலஸ் அழகப்பெருமவுக்கு ஆதரவாம். டலஸ் மொட்டுக் கட்சிதான், ஆனா அந்தக் கட்சியே ரெண்டா நிக்கி, தலைவரு ஒரு பக்கம் செயலாளரு ஒரு பக்கம். கூட்டமைப்பும் டலஸுக்குத்தான். அப்பா தாள்ல அடிச்சு அடிச்சு எழுதி, இப்ப டலஸ் ஜெயிக்க வேண்டிய 113 தாண்டுவாருங்காவ. மூணாவது ஆளு அனுர. மூணு பேர வச்சுக்கிட்டு நிக்காரு. மூணுதான் விழும்னு அவருக்கும் தெரியும்லா. எனக்கு ஏனோ அந்த ஆளப் புடிச்சிருக்கு.

டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கா, போக வர ஒண்ணர மணி நேரம். ரெண்டு லிட்டரத் தொடக்கூடாதாம். போன்ல திட்டி விட்டேன். அத்தான் என்ன செய்யுவாவ, அவரு பெட்ரோல் வரிசையில.

ஜூலை 20 புதன்

கடையில பில்லிங்ல நின்னுக்கிட்டே போன்ல பாத்தேன், முதலாளி ரெண்டு தடவ மொறச்சாரு. ஒவ்வொருத்தரா பேரு கூப்புடுதான், போயி சீட்டப் போடுதாவ. சக்கர நாற்காலியிலயும் வாராவ, இதுக்குன்னா வாராவ.

ரணில் 134. டலஸ் 82. அனுர 3. செல்லாதது 4. ரெண்டு பேரு ஓட்டே போடல, இன்னொரு தமிழ்க் கட்சி, கஜேந்திரகுமாரு ஆளுக. எனக்கு அந்தச் செல்லாத 4 மேலதான் கண்ணு. 225 பேருல ஒருத்தனா ஒரு சீட்டு கையில கெடச்சு அதயும் ஒழுங்காப் போடத் தெரியல, இல்ல வேணும்னே கெடுத்தானுவளோ.

அப்பா தாளச் சுருட்டி எறிஞ்சிட்டாவ. அப்புறம் தேடி எடுத்து நீவி விட்டாவ.

அத்தானக் கூப்புட்டேன். வரிசையிலதான் நிக்காவ, முன்னால எத்தன வண்டின்னு எண்ணுறத விட்டுட்டாவளாம். முடிவு சொன்னதும் வரிசையில ஒருத்தரும் சத்தம் போடலயாம், பொறவு ஒரு ஆளு வண்டிய நகட்டுங்கன்னு கத்துனானாம். "2019ல கோட்டாவுக்கு 69 லட்சம் பேரு போட்டாங்க, நான் போடல, ஆனா என்ட்ட கேட்டாங்க. இண்டைக்கு கேக்கவே இல்ல"ன்னாவ. அத்தான் இப்படி நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.

ஜூலை 21

பதவி ஏத்துட்டாரு. இங்க முர்மு.

பெட்ரோலுக்கு க்யூஆர் பாஸ் வந்துருக்காம், ஆட்டோவுக்கு வாரம் 5 லிட்டர். அத்தானுக்கு இன்னும் கெடைக்கல, வெப்சைட் திறக்கல. பரவால்ல, கேன் இருக்குல்லா.

ஜூலை 22 வெள்ளி

விடியுமுன்ன காலிமுகத்திடல்ல ஆர்மி எறங்கி போராட்டக்காரவ கூடாரத்த எல்லாம் பிச்சு எறிஞ்சிருக்கு. பதவி ஏத்து ஒரு நாள் கூட முழுசா ஆவல. ரோட்ட மறிச்சிருக்காம், எந்த ரோடுன்னு தெரியல. கட்டுநாயக்கா ரோடு இல்லங்காவ அத்தான், அக்காவுக்கு அதுவும் நிச்சயமாத் தெரியல. நாளைக்கு மத்தியானம் பிளேனு, காலைல ஆறுக்கே கெளம்பணும்னு சொல்லிட்டேன், அஞ்சுக்கே கெளம்புதோம்னா.

திருவனந்தபுரத்துக்கு வண்டி பேசியாச்சு, நாகர்கோவில் வழி, டோலோட சேத்து நாலாயிரம். அம்மா தேங்கா திருகி வச்சிருக்கா, பால் நாளைக்குத்தான் எடுக்கணும்.

இப்பத்தான் அத்தான் மெசேஜ். கேன்ல ஒண்ணர லிட்டர்தான் இருக்காம், யாரும் தொடலயாம்,