நிழலை இழுத்த இரவு

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது திரை முழுக்கப் பச்சை வரிகள். 'நகர்த்தல் வெற்றி', 'நகர்த்தல் வெற்றி' என்று விடிய விடிய எழுதி வைத்திருந்தது நான் எழுதிய நிரல். செம்புப் பரப்பின்மேல் பன்னிரண்டு கோபால்ட் அணுக்களை வட்டமாக அடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கடைசிப் படத்தைத் திறந்தால் வட்டத்தில் ஐந்தே அணுக்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மங்கலாக இன்னொரு புள்ளி.

ஊசிமுனை கெட்டிருக்கிறது என்று புரிந்தது. ஆனால் இத்தனை வெற்றிகள் எங்கிருந்து வந்தன என்பது புரிய அரை நாள் ஆனது.

எங்கள் கருவி ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்: கூரான ஊசிமுனையைப் பரப்புக்கு வெகு அருகில் நகர்த்தி, இடையே பாயும் மின்னோட்டத்தை வைத்து அணுக்களைப் படம்பிடிப்பது. அதில் முனைக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளி ஒரு ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) கூடினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே முனையின் கடைசி அணு எதுவோ, அதன் வழியாகத்தான் பெரும்பகுதி மின்னோட்டமும் பாய்கிறது. அந்த அணு இடம் மாறி, பக்கத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு மேடு முளைத்தால், பரப்பில் இருக்கும் ஒரே அணுவை முனை இரண்டு முறை பார்க்கும். ஒன்று நிஜம், ஒன்று நிழல். இரட்டை டிப், அதாவது இரட்டை முனை என்போம். தொல்லை என்னவென்றால், இந்தக் கருவிக்குக் கண்ணும் அந்த முனைதான், அணுவை இழுக்கும் கையும் அதுதான்.

நிரலுக்கு நான் கொடுத்திருந்த விதிகள் இரண்டு. காலியான இடத்துக்கு மிக அருகில் கிடக்கும் உதிரி அணுவை எடு. நகர்த்திய பிறகு அந்த இடத்தில் புள்ளி தெரிந்தால் வெற்றி. நிரல் ஐந்தாவது அணுவின் நிழலை உதிரி அணு என்று நினைத்து ஆறாவது இடத்துக்கு இழுத்திருக்கிறது. முதல் மேடு நிழலின்மேல் நின்றபோது இரண்டாவது மேடு நிஜ அணுவின்மேல் நின்றது. அணு அதோடு ஒட்டிக்கொண்டு போனது. ஆறாவது இடத்தில் நிழல் விழுந்தது: வெற்றி. இப்போது ஐந்தாவது இடம் காலி. ஆறாவது இடத்தை ஒட்டி ஓர் 'உதிரி' கிடக்கிறதே, அதைக் கொண்டுவா: மறுபடி வெற்றி. ஒற்றை அணுவை வைத்துக்கொண்டு செக்குமாடுபோல இரவெல்லாம் சுற்றியிருக்கிறது.

முதலில் நிரல்மேல்தான் கோபம் வந்தது. யோசித்தால், அது சொன்னதைத்தான் செய்தது.

அணுக்களைக் கையால் நகர்த்துவது புதிதல்ல. 1989-இல் இயற்பியலாளர் டான் ஐக்ளர் நிக்கல் பரப்பில் 35 செனான் அணுக்களால் தன் நிறுவனமான ஐ.பி.எம்-இன் பெயரையே எழுதினார். 1993-இல் அவருடைய குழு 48 இரும்பு அணுக்களைச் செம்பின்மேல் வேலிபோல நட்டது. நானும் இரண்டு வருடம் கையால்தான் இழுத்தேன், கருவியின் சிக்னலைக் காதால் கேட்க ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு. அணு படிகத்தின் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும்போதெல்லாம் 'டிக்' என்று கேட்கும். செம்பில் ஒரு தாவலுக்குச் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம். அந்தத் தாளத்தில் ஒரு பிசிறு விழுந்தாலே கை நின்றுவிடும். ஏன் நின்றது என்று அப்புறம்தான் யோசிப்பேன். நிரல் எழுத உட்கார்ந்தபோது இது நினைவுக்கே வரவில்லை. செய்கிறேன் என்று தெரியாமலே செய்த வேலையை எப்படி எழுதுவது?

என் மூத்த சகா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "முதல்ல டிப்பைப் பாருப்பா. அணு எங்கயும் போயிடாது."

4 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிரில் அது உண்மைதான். ஆகவே எதற்கும் பயன்படுத்தாத ஓர் அணுவை ஓரமாக ஒதுக்கிவைத்தோம். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் நிரல் அதைப் போய்ப் பார்த்துவர வேண்டும். அது ஒற்றையாக, வட்டமாகத் தெரிந்தால் மட்டுமே வேலை. இல்லையென்றால் வெற்றுச் செம்புக்குப் போய் முனையை லேசாகக் குத்திச் சரிசெய்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2018-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழுவொன்று ஹைட்ரஜன் போர்த்திய சிலிக்கன் பரப்பில், முனையின் தரத்தை ஒரு நரம்பியல் வலையமைப்பே (படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்) முடிவுசெய்யும்படி பழக்கிக் காட்டியது. எங்களுடையது அவ்வளவு நாசூக்கானதல்ல. புள்ளி எவ்வளவு வட்டம் என்று அளக்கும், அவ்வளவுதான். ஒலிபெருக்கியின் வேலையையும் நிரலிடமே கொடுத்தோம். இழுக்கும்போது ஒவ்வொரு தாவலுக்கும் முனையின் உயரக் கோட்டில் ரம்பப் பல்போல ஒன்று விழும்; அந்தப் பற்களை அது எண்ணும். கடக்கவேண்டிய குழிகளும் பற்களும் ஒத்துவராவிட்டால் நிறுத்தும்.

அதன்பின் நிரல் ரொம்பவே மெதுவாகிவிட்டது. நேரத்தில் பெரும்பங்கு அந்த ஓரத்து அணுவைப் பார்க்கவே போகிறது. சகாவுக்கு இதில் திருப்தி. எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல். நேற்று ஒன்பது அணுக்களை வைத்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு நின்றிருக்கிறது. முனை ஆறு தடவை குத்தியும் சரியாகவில்லையாம். கடைசி வரி மட்டும் பச்சை இல்லை. நான் போய்ப் பார்த்தேன். இரட்டை டிப்தான்.