செக் மொழியின் ‘கொக்கி ர’: பழகிப் பார்த்ததில் இதுவரை

செக் மொழியில் ஓர் எழுத்து உண்டு. ரோமன் ஆர், அதன் தலையில் ஒரு சின்னக் கொக்கி. இசையமைப்பாளர் அன்டோனின் துவோர்ஷாக் பெயரின் நடுவில் இருப்பது அதுதான். தமிழில் ‘ர்ஷ்’ என்றோ ‘ர்ஜ்’ என்றோ எழுதி ஒப்பேற்றுகிறோம். இரண்டும் பொருந்தாது. ர முடிந்து ஷ வருகிற கூட்டு இல்லை அது. நாக்கு ஆடுவதும் காற்று உரசுவதும் ஒரே நேரத்தில் நடக்கிற ஒற்றை ஒலி. உலகத்தில் மிகச் சில மொழிகளில்தான் இப்படி ஓர் ஒலி தனி எழுத்துப் பெறும் அளவுக்கு நிலைத்திருக்கிறது. சில காலமாக இதை வாயில் பிடிக்க முயன்று வருகிறேன்.

எழுதுவதற்கு ஒரு வசதி செய்துகொள்கிறேன். இந்தப் பதிவில் செக் சொற்களில் ‘ற’ வந்தால் அது இந்தக் கொக்கி ர. ‘ர’ வந்தால் சாதாரண ர. நதிக்கு றெகா, மூன்றுக்கு த்றி, கடலுக்கு மொறெ.

நம் ர பெரும்பாலும் நாக்கு நுனி ஒரே ஒரு முறை தட்டிவிட்டு இறங்குகிற வருடொலி. செக் மொழியின் ர அப்படியில்லை, நாக்கு நுனி பலமுறை படபடக்கிற ஆடொலி. இப்படி ஆடும்போது நுனி நொடிக்கு 25 முதல் 30 தடவை என்கிற வேகத்தில் தட்டுகிறது. அந்த வேகத்தில் தசையை நாமே அசைக்க முடியாது. நாக்கைத் தளர்வாக ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கிறோம், மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. ர, ழ பிறப்பதற்கு நுனிநா அண்ணத்தை வருட வேண்டும், ற, ன பிறப்பதற்கு ஒற்ற வேண்டும் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. இங்கே வருடலும் போதாது, ஒற்றலும் போதாது. உரசிக்கொண்டே ஆட வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உரசலுக்கு இடுக்கு குறுகலாக, நிலையாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கோ அந்த இடுக்கு மூடி மூடித் திறக்க வேண்டும். நாக்கை ஒரு மயிரிழை உயர்த்தினால் ஆட்டம் நின்று வெறும் உரசல் மிஞ்சும். ஒரு மயிரிழை தாழ்த்தினால் உரசல் போய் வெறும் ர மிஞ்சும்.

முதலில் ர்ர்ர்ர் என்று மூச்சு தீரும் வரை நிறுத்திச் சொல்லப் பழகினேன். இது ஏற்கெனவே வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அப்புறம் அதைச் சொல்லிக்கொண்டே நாக்கை மெல்ல ஷ பக்கம் உயர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் செத்துப்போனது. பலன் தந்த மாற்றம் வேறு: நாக்கை விட்டுவிட்டுத் தாடையை மூடினேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு வந்ததும் சீறல் தானாகச் சேர்ந்தது, காரணம் காற்று பல் விளிம்பில் மோதுகிறது. கூடவே நாக்கின் கூர்நுனிக்குப் பதிலாக அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும் தட்டையான பகுதியை ஈறு மேட்டுக்குக் கொடுத்தேன். ஒலியியல் நூல்களும் செக் மொழியின் இரண்டு ஒலிகளையும் இப்படித்தான் பிரிக்கின்றன: ர-வுக்கு நுனி, கொக்கி ர-வுக்கு நுனியை அடுத்த பகுதி.

அடுத்த திருப்பம், குரலை (குரல்நாண்களின் அதிர்வை) எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தது. குரல்நாண்கள் அதிரும்போது அவையே காற்றின் ஒரு பங்கைத் தடுத்துவிடுகின்றன. நாக்குக்குப் பின்னால் சேர வேண்டிய அழுத்தம் குறைகிறது. கிசுகிசுப்பாகச் சொன்னால் முழுக்காற்றும் நாக்குக்கே வருகிறது. அதிர்ஷ்டவசமாக செக் மொழியிலேயே இந்த ஒலிக்குக் குரலற்ற வடிவம் உண்டு. த், ப், க் போன்ற குரலற்ற மெய்களின் பக்கத்திலும் சொல்லின் இறுதியிலும் அது குரலை இழந்துவிடுகிறது. த்றி, ப்றீதெல் (நண்பன்), க்றீதா (சாக்கட்டி), பெகற் (ரொட்டி சுடுபவர்) எல்லாம் அந்த வகை.

ஆகவே த்றி-தான் முதல் சொல். இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். த் சொல்லும்போதே நாக்கு கிட்டத்தட்ட சரியான இடத்தில் இருக்கிறது, பின்னால் அழுத்தமும் சேர்ந்து நிற்கிறது. விடுவித்தவுடன் இரண்டு மூன்று தட்டல் தானாக நடந்துவிடும். இயல்பான பேச்சில் அதற்குமேல் தேவையும் இல்லை. ஆரம்பத்தில் கொக்கி ர-வையும் ர்ர்ர்ர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன்; செக் பேசுகிறவர்கள் யாரும் அப்படி நீட்டுவதில்லை.

இது கைக்கு வந்ததும் அந்தப் பிரபலமான நாப்பிறழ் வாக்கியத்துக்குத் தாவினேன்: த்றி ஸ்தா த்றிட்செத் த்றி ஸ்த்றீப்ர்னீஹ் ஸ்த்றீகாசெக் ஸ்த்றீகலொ ப்றெஸ் த்றி ஸ்தா த்றிட்செத் த்றி ஸ்த்றீப்ர்னீஹ் ஸ்த்றெஹ். 333 வெள்ளிப் பீச்சுக்குழல்கள் 333 வெள்ளிக் கூரைகளின் மேல் நீர் பீச்சின என்று பொருள். வெளிநாட்டுக்காரர்களைப் பயமுறுத்த இதைத்தான் எடுப்பார்கள். எனக்கென்னவோ இதற்குக் கிடைக்கும் மரியாதை அதிகம் என்றே படுகிறது. இதில் கொக்கி ர 12 இடத்தில் வருகிறது. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டும் த் அல்லது ப்-க்குப் பின்னால் வருகின்றன. அதாவது பன்னிரண்டும் குரலற்றவை, சுலபமான வகை! வேகம் மட்டும்தான் இங்கே சோதனை. இதைத் தப்பில்லாமல் சொல்கிறவருக்கு மொறெ என்ற ஒரே சொல்லில் நாக்கு நின்றுவிடலாம்.

எனக்கு நின்றுவிட்டது. குரலோடு சொல்ல வேண்டிய இடங்கள் வேறு உலகம். இதற்கும் படிக்கட்டு வைத்தேன். ‘அந்த’ என்பதில் வரும் மென்மையான த ஒலியோடு த்றெவொ (மரக்கட்டை), ‘அம்பு’ என்பதில் வரும் ப ஒலியோடு ப்றெஹ் (கரை). மெய்யின் தள்ளுதல் இருப்பதால் இவை ஓரளவு வந்தன. உயிருக்கு நடுவில் வரும் மொறெ அதைவிடக் கடினம். சொல்லின் முதலில் வரும் றெகா எல்லாவற்றையும்விடக் கடினம், ஏனென்றால் அங்கே அழுத்தம் சேர்த்துத் தர முன்னால் எதுவும் இல்லை. மூச்சை வயிற்றிலிருந்து சற்று முன்கூட்டியே தள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் காதை நம்புவதை நிறுத்திவிட்டு பிராட் மென்பொருளுக்குப் போனேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. ஒலியியல் படிப்பவர்கள் எல்லோரும் கையாள்வது. பதிவு செய்து ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்கள் நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்று காட்டும் படம்) பார்த்தால் நாக்கு ஈறைத் தொடும் ஒவ்வொரு கணமும் வெளிறிய கோடாகத் தெரியும். கோடுகளுக்கு நடுவே மேல் பகுதியில் சீறலின் கறுப்பு. அதுதான் கொக்கி ர. கோடே இல்லாமல் கறுப்பு மட்டும் ஒரே பட்டையாக ஓடினால் அது வெறும் உரசொலி, அதாவது ஷ-வைக் குரலோடு சொன்னால் வருவது. காதுக்கு அருமையாகப் பட்ட என் றெகாக்களில் முக்கால்வாசி இந்த ஒற்றைப் பட்டைதான். பழகுகிற எவருக்கும் இதைச் சொல்வேன்: எவ்வளவு சீக்கிரம் படத்தைப் பார்க்கத் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

சரி, ஏன் எப்போதும் உரசல் பக்கமே விழுகிறேன்? பக்கத்து மொழிகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அண்ணச்சாயல் பெற்ற, அதாவது நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தை நோக்கி எழுப்பிச் சொன்ன பழைய ர-விலிருந்துதான் இந்த ஒலி பிறந்தது. போலந்து மொழியிலும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒலி இருந்தது. எழுத்தில் ஆர், இசட் என்ற ஜோடியாக இன்னும் நிற்கிறது. உச்சரிப்பிலோ ஆட்டம் முழுக்கப் போய், நதியை ‘ஷெகா’ போலக் குரலோடு சொல்கிறார்கள். ஸ்லோவாக் மொழி மறுபக்கம் போனது. அங்கே நதி வெறும் ர-வோடு ரியெகா. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒரு குறுகலான வரப்பு. செக் அதன் மேலேயே நடந்துவந்திருக்கிறது. போலந்து மொழி நூற்றாண்டுக் கணக்கில் சறுக்கிய அதே சரிவில்தான் என் நாக்கும் சறுக்குகிறது. இதைத் தெரிந்துகொண்டதும் பயிற்சியை மாற்றினேன். உரசலைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ர-வில் தொடங்கி உரசலைக் கொஞ்சமாகச் சேர்த்து, ஆட்டம் சாகும் முன்பே நிறுத்துவது. பட்டைகள் குறைந்து கோடுகள் தெரியத் தொடங்கின.

செக் குழந்தைகளுக்கே பெரும்பாலும் கடைசியாகப் பிடிபடும் ஒலிகளில் இது ஒன்று. இதை மட்டும் சரியாகச் சொல்ல வராத நிலைக்குப் பேச்சுச் சிகிச்சையாளர்களிடம் ‘ரோட்டாசிஸ்முஸ் போஹெமிக்குஸ்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அரிய ஒலி என்றாலே கடினமான ஒலி என்றும் இல்லை. இரண்டு உதடுகளையும் சேர்த்து ‘ப்ர்ர்ர்’ என்று ஆடவிடும் ஒலி கைக்குழந்தைக்கும் வரும். ஆனால் அதை மெய்யொலியாகச் சொற்களில் வைத்திருக்கும் மொழிகள் கொஞ்சம்தான். பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் பேசப்படும் கெலே, டைட்டன் இரண்டும் அவற்றில் அடங்கும். சும்மா உதட்டைத் தளர்த்திக்கொள்ள இதையும் நடுவில் செய்வேன். நாக்குக்கு எந்தப் பலனும் இல்லை, பொழுது போகிறது.

இப்போதைய நிலவரம்: குரலற்ற வகை நிதானமான பேச்சில் நம்பிச் சொல்ல முடிகிறது. த்வர் (வடிவம்), த்வாற் (முகம்) இரண்டையும் வேறுபடுத்திச் சொன்னால் பதிவிலும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ராத் (மகிழ்ச்சியாக), றாத் (ஒழுங்கு) ஜோடியில் றாத் பாதித் தடவைதான் தேறுகிறது. மொறெ வருகிறது, களைப்பாக இருந்தால் வருவதில்லை. வாக்கியத்தின் நடுவில் றெகா வந்தால் இன்னும் போலந்துக்குப் போய்விடுகிறேன். இனி எடுத்திருக்கும் சொல் றெறிஹா, ஒரு வகைக் கீரை. குரலோடு வரும் கொக்கி ர அடுத்தடுத்து இரண்டு, ஒன்று சொல் முதலில், மற்றது உயிருக்கு நடுவில். முதலாவதற்கு மூச்சைச் செலவழித்துவிட்டு இரண்டாவதற்கு வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதலாவதை இரண்டே தட்டலில் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.